டேப் அண்ணன் முகத்தைக் காட்டவும்

"சார், முதல்ல அதைக் கீழ இறக்குங்க," என்றார் சேல்ஸ்மேன்.

டேப் அண்ணன் இறக்கவில்லை. அவர் வலது கையில் கொக்கித் தராசு. கொக்கியில் ஒரு துணிப்பை. பைக்குள் கடையிலேயே விலை கூடிய லேப்டாப்களில் ஒன்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் முள்ளைப் பார்த்தார். வாசலில் நின்ற காவலாளி இரண்டு எட்டு உள்ளே வந்துவிட்டார்.

"அட்டையில ஒரு எடை போட்டிருக்கு. நிஜத்துல கூட இருக்கே."

"பையோட சேர்த்து நிறுத்தா கூடத்தான் சார் இருக்கும்."

அண்ணனுக்கு அது தோன்றவே இல்லை. பை எடையைக் கழித்துவிட்டுத்தான் சொன்னதாகச் சொன்னார். சுத்தப் பொய்.

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் யாரும் தராசு கொண்டுபோவதில்லை. ஆனால் அண்ணன் வீட்டு வழக்கம் அப்படி. அண்ணி வீட்டிலிருந்தபடியே ஜன்னல் திரை, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் விற்கிறார். அண்ணி என்றால் டேப் அண்ணனின் மனைவி. தெருவுக்கே அவர் அண்ணிதான். ஃபோனில் படம் போடுவார், ஆர்டர் வரும், பார்சல் கூரியரில் போகும். கூரியரில் எடைக்குத்தான் காசு. அதனால் அந்த வீட்டுக்குள் புதிதாக எது நுழைந்தாலும் முதலில் கொக்கியில் ஏறும். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது எல்லோரும் மூக்கு யார் மாதிரி, கண் யார் மாதிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் குழந்தையைக் கையில் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்து, ரெண்டு ஜன்னல் திரை எடை, லைனிங் துணியோட, என்றார்.

அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கலாம். அண்ணியின் ஃபோன் ஒன்றுதான் கடை, கல்லா, கணக்கு எல்லாம். அதிலேயே ஆர்டரும் வரும், சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கமும் வரும். ரோஜாப்பூக்களுக்கும் சூரியோதயங்களுக்கும் நடுவில் ஆர்டர் தொலைந்துபோகும். குளியலறை ஜன்னலுக்கு அளவு கொடுத்த ஒரு அம்மாவுக்கு ஹாலுக்கான திரை போய்ச் சேர்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாட்டி, படம் எடுத்து அனுப்பினார். படத்தில் திரை இருந்தது. குளியலறையைக் காணோம்.

அன்றைக்குத்தான் அண்ணி முடிவு செய்தார். சின்னதாக ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். துணி விரித்த மேசையில் ஓரமாக உட்கார வேண்டும், வேண்டுமானால் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். இருக்கிற ஒரே ப்ளக் பாயின்ட்டுக்குத் தையல் மெஷினும் அயர்ன் பாக்ஸும் ஏற்கெனவே சண்டை போடுகின்றன, மூன்றாவதாக ஒன்று வரக்கூடாது. சொல்லி முடித்துவிட்டு அண்ணி ஒரு வார்த்தை சேர்த்தார்.

"நீங்க தூக்கிட்டு மட்டும் வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தூக்கிட்டு மட்டும். அந்த 'மட்டும்' அண்ணனை எங்கேயோ குத்திவிட்டது.

அவர் ஒரு காலத்தில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கீழே ஆட்கள், மேலே மின்விசிறி. கம்பெனியை மூடினார்கள். வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் வீட்டில் பார்சல் ஒட்டிக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தார். அந்த 'வரைக்கும்' இழுத்துக்கொண்டே போய்விட்டது. கத்தரிக்கோலைத் தேட அவருக்குச் சோம்பல், டேப்பைப் பல்லாலேயே கடித்து வெட்டுவார். முழங்கையில் எப்போதும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். கூரியர்காரர்தான் முதலில் 'டேப் அண்ணே' என்று கூப்பிட்டது. இப்போது கடிதம் கொண்டுவருபவர்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்.

அதையும் பொறுத்துக்கொண்டார். மச்சான் வந்த அன்றைக்குத்தான் தாங்கவில்லை. மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. தன்னோடு வேலை பார்க்கிறவர்களை அழைத்துக்கொண்டு திரை வாங்க வந்திருந்தான். அண்ணி அறிமுகம் செய்தார்: இவர் என் வீட்டுக்காரர், பேக்கிங் பாக்கறார். வந்தவர்களில் ஒருவர் தலையாட்டிவிட்டு, மூலையில டேப் கொஞ்சம் இறுக்கமாப் போடுங்க, என்றார். அண்ணன் இறுக்கமாகத்தான் போட்டார். உள்ளுக்குள் அதைவிட இறுக்கமாக ஒரு சபதமும் போட்டார். இனி இந்த வீட்டில் நான் பேக்கிங் இல்லை. மேனேஜர்.

எப்படி ஆவது என்றுதான் தெரியவில்லை. தெரியாமலேயே தராசோடு கடைக்கு வந்துவிட்டார்.

கடையில் தெளிவு கிடைக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் கம்ப்யூட்டர் கடைக்கே போனதில்லை என்று அர்த்தம். சேல்ஸ்மேன் ஒன்றைக் காட்டி இதில் எட்டு என்றார், இன்னொன்றைக் காட்டிப் பதினாறு என்றார். பிறகு முதலாவதிலேயே ஐந்நூறும் இருக்கிறது என்றார். எட்டு இருக்கும் இடத்தில் ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்டார்.

"எட்டு மெமரி சார். ஐந்நூறு ஸ்டோரேஜ். மெமரி உங்க மேசை மாதிரி. ஸ்டோரேஜ் உங்க பீரோ மாதிரி. மேசை பெருசா இருந்தா ஒரே நேரத்துல நிறைய வேலை பாக்கலாம்."

"எங்க வீட்டுல பீரோல இடம் இல்லாமத்தான் எல்லாத்தையும் மேசைல வெச்சிருக்கோம்."

"அப்ப பெரிய பீரோ உள்ளதை எடுத்துக்கங்க."

"மேசை?"

"மேசை சின்னதா இருந்தாலும் போதும்."

"நீங்கதானே மேசை பெருசா இருக்கணும்னீங்க."

சேல்ஸ்மேன் அட்டையை எடுத்துத் திரும்பப் படித்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணன் மச்சானுக்கு ஃபோன் போட்டார். எதை வேண்டுமானாலும் வாங்குங்க மாமா, ப்ராசஸரை மட்டும் பாத்து வாங்குங்க, என்றான் அவன். ப்ராசஸரைப் பார்க்க முடியுமா என்று அண்ணன் சேல்ஸ்மேனிடம் கேட்டார். அது உள்ளே இருக்கிறது, பார்க்க முடியாது என்றார் அவர். பார்க்க முடியாதாம் என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்து வந்தது ஒன்று, முதுகை முழுக்கப் பின்னால் வளைத்துக் குப்புறப் படுத்தது. இதனால் என்ன லாபம் என்றதற்கு, கூடாரம் மாதிரி நிறுத்தலாம் என்று பதில் வந்தது. திரை விற்கிற வீட்டில் கூடாரம் எதற்கு? இன்னொன்றில் கையால் தொட்டால் படம் நகர்ந்தது. இன்னொன்றின் எழுத்துக்கட்டைகளுக்குக் கீழே விளக்கு எரிந்தது. ஒன்று இறகு மாதிரி லேசாக இருந்தது, விலை மட்டும் இரும்பு. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க, முன்னால் பார்த்தது எது என்பது மறந்துபோனது. அண்ணியிடம் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் 'தூக்கிட்டு மட்டும் வாங்க' என்பார். கேட்கவில்லை.

கடைசியில் சேல்ஸ்மேன் களைத்துப்போய், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன லேப்டாப்பை எடுத்து வைத்தார். சின்னது, லேசு, சார்ஜ் நாள் பூராவும் நிற்கும். அண்ணி சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. அண்ணனுக்கு அதனாலேயே அது பிடிக்கவில்லை.

"இதுல இன்னொரு வசதி இருக்கு சார். மேல இருக்கிற கேமரா உங்க முகத்தைப் பாக்கும். நீங்கதான்னு தெரிஞ்சாத்தான் திறக்கும். வேற யார் வந்தாலும் திறக்காது."

அண்ணன் தராசைக் கீழே வைத்தார்.

"யார் வந்தாலும்?"

"யார் வந்தாலும்."

"வீட்டுல இருக்கிறவங்க?"

"வேணும்னா மேடம் முகத்தையும் சேர்த்துப் போட்டுக்கலாம் சார்."

"அதெல்லாம் வேண்டாம். ஒரு முகம் போதும்."

அண்ணன் மனசுக்குள் விளக்கு எரிந்தது, எழுத்துக்கட்டைக்குக் கீழே எரிந்ததைவிடப் பிரகாசமாக. அவர் முகம் இல்லாமல் அது திறக்காது. திறக்காவிட்டால் ஆர்டர் பார்க்க முடியாது. ஆர்டர் பார்க்க முடியாவிட்டால் வியாபாரம் இல்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்தானே மேனேஜர்? டேப்பை வேறு யாராவது கடிக்கட்டும்.

சேல்ஸ்மேன் அவர் முகத்தை நேராக, இடமாக, வலமாகப் பதிந்துகொண்டார். ஒருவேளை முகம் தெரியாமல் போனால் அடிப்பதற்கு ஒரு ரகசிய எண்ணும் வேண்டும் என்றார். அண்ணன் காவலாளியையும் சேல்ஸ்மேனையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் அடித்தார். கடைசியாக, சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் இது தூங்கிப்போகும் என்று கேட்டார். நாம் சொல்கிறபடி என்றார் சேல்ஸ்மேன். கையை எடுத்ததும் தூங்கட்டும் என்றார் அண்ணன்.

வீட்டில் அண்ணி முதலில் அதைக் கொக்கியில் மாட்டி முள்ளைப் பார்த்தார். லேசாத்தான் இருக்கு, என்றார். மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்: இது அவருடைய முகத்துக்குத்தான் திறக்கும், வேறு முகத்துக்கு வழி இல்லை, கம்பெனியே அப்படிச் செய்து அனுப்பிவிட்டது.

ஒரு பெரிய சண்டைக்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். பதில்களைக்கூட பஸ்ஸிலேயே யோசித்துவைத்திருந்தார்.

அண்ணி அவரை ஒரு கணம் பார்த்தார். "அப்படியா. சரி. அப்ப நீங்கதான் எல்லாம் பாக்கணும். உக்காருங்க."

அவ்வளவுதான். யோசித்துவைத்த பதில் எல்லாம் வீணாகிவிட்டது. அண்ணனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் முதல் ஆர்டரை ஏற்ற ஆரம்பித்தார். ஒற்றை விரல். வாங்குகிறவர் பெயரில் இரண்டாவது எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் லேப்டாப் பெட்டி தூங்கிவிட்டது. முகத்தைக் காட்டினார், திறந்தது. எழுத்தைக் கண்டுபிடித்தார், மூன்றாவதைத் தேடுவதற்குள் மறுபடி தூங்கிவிட்டது. அந்த அம்மாவின் பெயர் முடிந்து தெருப்பெயருக்கு வருவதற்குள் மத்தியானம் ஆனது. கீழே தரையில் துணிகள் குவிந்துகிடந்தன. கூரியர்காரர் வந்து எட்டிப் பார்த்து, இன்னிக்கு ஒண்ணும் இல்லையா டேப் அண்ணே, என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணி திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க திறந்து மட்டும் குடுங்க, நான் அடிச்சுக்கறேன். அந்த நேரத்துல நீங்க இந்தப் பார்சலை ஒட்டிடுங்க. வேலை சீக்கிரம் முடியும்ல."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அண்ணன் முகத்தைக் காட்டினார், பெட்டி திறந்தது, அண்ணி உட்கார்ந்தார். அண்ணன் கீழே உட்கார்ந்து டேப்பைக் கடித்தார். மூன்றாவது பார்சலில்தான், முந்தாநாளும் இதே இடத்தில்தானே உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். பெட்டி தூங்கும்போதெல்லாம் அண்ணி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அண்ணன் இருக்கும் இடத்துக்கு வருவார். "இங்க பாருங்க," என்பார். அண்ணன் நிமிர்வார். பெட்டி திறக்கும். அண்ணி போய்விடுவார். சலூனில் கண்ணாடி காட்டுகிற மாதிரி. என்ன, சலூனிலாவது நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அண்ணன் வாயில் டேப் சுருள் இருந்தால் பெட்டி அவரை ஒத்துக்கொள்ளாது. அண்ணி சுருளைப் பிடுங்குவார், பெட்டி திறக்கும், சுருளைத் திரும்ப வாயில் வைத்துவிட்டுப் போவார். குளியலறைக் கதவு தட்டப்படும். கொஞ்சூண்டு திறந்தால் இடுக்கு வழியாகப் பெட்டி உள்ளே வரும். சோப்பு நுரைக்குள் இருக்கும் முகத்தைப் பெட்டிக்குத் தெரியாது. கழுவிட்டுக் காட்டுங்க, கஸ்டமர் லைன்ல இருக்காங்க, என்று வெளியிலிருந்து குரல் வரும். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால், யாரோ இமையைத் தூக்குகிற மாதிரிக் கனவு வரும். கனவில்லை.

முடிவெட்டப் போனார். சலூன்காரர் கத்தரியை எடுக்கும்போதே ஃபோன் வந்தது. அண்ணிதான். ஃபோனைச் சலூன்காரரிடம் கொடுக்கச் சொல்லி, மீசையில் கை வைக்க வேண்டாம் என்றார்.

முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் அண்ணன் கடைத்தெருப் பக்கம் சும்மா ஒரு நடை போவார். பாதி பார்சல் ஒட்டாமல் கிடக்கும். சும்மா ஒரு நடை என்பது சாயங்காலம்வரை நீளும். இப்போது எங்கே போவது? படி இறங்கும் முன்பே பெட்டி தூங்கிவிடும். வாசல் தாண்டினால் வியாபாரம் நின்றுவிடும். அவர் போவதையே விட்டுவிட்டார்.

இதில் அண்ணனுக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை யாரும் இவ்வளவு தடவை கேட்டதில்லை. கூரியர்காரரிடம் ஒருநாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"நான் இல்லேன்னா இந்த வீட்டுல வியாபாரமே திறக்காது, தெரியும்ல."

"அப்ப நீங்க சாவி மாதிரின்னு சொல்லுங்க."

"மேனேஜர் மாதிரி."

"மேனேஜர்னா வெளிய போவார், வருவார். சாவியத்தான்ணே வீட்டுலயே மாட்டி வெப்பாங்க."

கூரியர்காரர் பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் வாசலிலேயே நின்றார். மேனேஜரா, சாவியா? திட்டம் போட்டது அவர். முகம் அவருடையது. எண்ணும் அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. பிறகு ஏன் கையில் டேப் இருக்கிறது? எவ்வளவு யோசித்தும் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பிடிபடவில்லை. உள்ளேயிருந்து இங்க பாருங்க என்று குரல் வந்தது. போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விடுதி ஆர்டர் வந்தது. மாணவிகள் தங்கும் பெரிய விடுதி. எல்லா அறைக்கும் திரை, எல்லாக் கட்டிலுக்கும் தலையணை உறை. அண்ணி இதுவரைக்கும் செய்ததிலேயே பெரியது. குறித்த நாள் சாயங்காலத்துக்குள் அனுப்பினால் இனி எல்லா வருஷமும் உங்களிடமே வாங்குகிறோம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். அண்ணி துணியை வெட்டி, தைக்கக் கொடுத்து, வாங்கி, மடித்து அடுக்கிவிட்டார். எந்த அறைக்கு என்ன அளவு என்று பார்த்துப் பிரித்து, லேபிள் போட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த அளவெல்லாம் பெட்டிக்குள் இருந்தது.

அனுப்ப வேண்டிய அன்று காலையில் அண்ணன் எழுந்தபோது அவருடைய இடது கன்னம் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. உறை போடாத தலையணை.

அண்ணி பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். பெட்டி பார்த்தது. யாரென்று தெரியவில்லை என்று எழுதிக்காட்டியது. அண்ணன் வலது கன்னத்தைக் காட்டினார். அரை முகத்துக்குத் திறக்காதாம். அண்ணி யோசித்து, வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக உள்ளே அமுக்கி, இப்பப் பாருங்க, என்றார். அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

எண் இருந்தது. ஆனால் அண்ணி பக்கத்திலேயே நிற்கிறாரே? அண்ணன் பெட்டியோடு ஒரு துண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார், சளிக்கு ஆவி பிடிக்கிற மாதிரி. துண்டுக்குள்ளேயே அடித்தார். திறந்தது. வெளியே வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"தூங்க விட்டுடாத. நான் பல் டாக்டரைப் பாத்துட்டு வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இரு. தூங்கிருச்சுன்னா எல்லாம் போச்சு."

"சரிங்க. நீங்க போயிட்டு வாங்க."

"ஒரு விரலாவது மேல இருக்கணும்."

"சரின்னு சொல்றேன்ல. போங்க."

பல் டாக்டர் வீட்டில் கூட்டம். அண்ணனுக்கு உட்காரமுடியவில்லை. வலிகூட இரண்டாம்பட்சம்தான். அண்ணியின் விரல் இப்போது பெட்டி மேல் இருக்குமா? ஒரு கையால் தட்டிக்கொண்டு இன்னொரு கையால் எப்படிப் பிரிப்பார்? ஃபோன் வந்தால்? தும்மல் வந்தால்? பெரிய ஆர்டர் போய்விட்டால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது? அத்தனைக்கும் காரணம் அவருடைய முகம். மேனேஜர் ஆக வேண்டும் என்றுதான் நினைத்தார், வியாபாரத்தைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தினமும் எதைக் கடிக்கிறீங்க, என்று கேட்டார். அண்ணன் முழங்கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பல்லைப் பிடுங்கி, பஞ்சை அடைத்து, பேசக்கூடாது என்று அனுப்பினார்கள்.

அண்ணன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

பெட்டி மூடிக்கிடந்தது. தூங்கிக்கூட இல்லை, மூடியே போட்டு மூடிக்கிடந்தது. மேலே தலையணை உறைகள் அடுக்கியிருந்தன.  எல்லாம் போச்சு.

அப்புறம்தான் வாசல் பக்கம் பார்த்தார். விடுதிப் பார்சல்கள் வரிசையாக நின்றன. அறைவாரியாகப் பிரித்து, லேபிள் ஒட்டி, டேப் போட்டு. டேப்பின் ஓரங்கள் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை. அண்ணன் பார்சலைக் காட்டினார், பெட்டியைக் காட்டினார், கையை விரித்தார். பஞ்சு வாய்க்குள்ளிருந்து 'ம்ம்?' என்று ஒரு சத்தம் வந்தது.

அண்ணி தலையணை உறைகளை எடுத்து ஓரமாக வைத்தார். மூடியைத் தூக்கினார். குனிந்து பெட்டியைப் பார்த்தார். பெட்டி அண்ணியைப் பார்த்தது. திறந்துகொண்டது.

"ம்ம்?"

"நீங்க வாங்கிட்டு வந்த அன்னிக்கே. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. கடைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், முகத்தை எப்படிச் சேக்கறதுன்னு அந்த சார் சொன்னார். முதல்ல நம்பரைப் போடச் சொன்னார். போட்டேன்."

"ம்பர்?" அண்ணன் பஞ்சைத் தாண்டி அதை எப்படியோ வெளியே தள்ளினார்.

"உங்க பழைய கம்பெனில உங்களுக்குக் குடுத்த நம்பர். குடையில எழுதியிருக்கு, ஹெல்மெட்ல எழுதியிருக்கு, டிபன் பாக்ஸ் மூடியில எழுதியிருக்கு. வேற எந்த நம்பரைப் போட்டுடப் போறீங்க."

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கையிலும் எதையோ ஏந்திக்கொண்டு வருவதுபோல நடித்துக் காட்டினார். குளியலறைக் கதவைக் காட்டினார், இமையைத் தூக்கிக் காட்டினார். அப்ப இதெல்லாம் எதுக்கு?

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். பார்சல் தயார் என்று விடுதிக்கு ஒரு செய்தி அடித்து அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார்.

"மத்தியானம் ஆனா உங்களைக் காணோம். ஒட்டாத பார்சல் கிடக்கும், கூரியர் வண்டி சும்மா திரும்பிப் போகும். இருங்க இருங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், இருந்தீங்களா. உங்க மூஞ்சி வேணும்னதும் படி இறங்கலையே. இது வந்ததுக்கப்புறம் நீங்க நாற்காலில உக்காந்த அந்த ஒரு நாளைத் தவிர, ஒரு பார்சலாவது நின்னுருக்கா?"

நின்றதில்லை. அண்ணன் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட நின்றதில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, பஞ்சோடு கோபப்படுவது எப்படி என்று தெரியவில்லை. 

கூரியர்காரர் வந்து விடுதிப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு போனார். டேப் அண்ணனின் கன்னத்தைப் பார்த்தார், டேப்பின் நேரான ஓரங்களையும் பார்த்தார். வண்டி திரும்புவதற்குள் விடுதியிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. அடுத்த கட்டடத்துக்கும் வேண்டுமாம், அளவு சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

பெட்டி தூங்கியிருந்தது.

அண்ணன் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், பெட்டியின் திரை கறுத்திருப்பதைப் பார்த்ததும் தானாக எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, முகத்தை நீட்டினார். ஏற்கெனவே அங்கே அண்ணியின் முகம் இருந்தது. பெட்டிக்கு இரண்டு முகம் தெரிந்தது. யாருக்குத் திறப்பது என்று அதற்கும் புரியவில்லைபோல. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது.

"கொஞ்சம் நகருங்க," என்றார் அண்ணி.

அண்ணன் நகரவில்லை.